கம்பி இருக்கும் பக்கம்

கட்டடங்களைப் பற்றி நாம் பேசினால் சிற்பியைப் பற்றிப் பேசுவோம், அல்லது ஆர்கிடெக்டைப் பற்றி. அது விழாமல் நிற்பதற்குக் கணக்குப் போட்டவனைப் பற்றி அல்ல. டெல்லியில் 1972இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்றால் ராஜ் ரேவால் என்பதே எனக்கும் நினைவு. மகேந்திர ராஜ் என்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் பெயரை 2017இல் அதை இடித்தபோதுதான் அறிந்தேன்.

பாகூரில் என் அக்காள் மகன் சிவில் முடித்துவிட்டு அந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறான். இன்னும் இரண்டு வருஷம் எம்.ஈ. படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்த அவன் சகாக்கள் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் மனசைத் திருப்பும்படி அக்காள் என்னிடம் சொன்னாள்.

நான் பேசவில்லை, அவன் பேசினான். மூலநாதர் கோயில் மண்டபத்தில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கம்? கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உத்தரம் நீண்டால் அடியில் விரிசல் விடும். சோழர் காலத்துக் கல்தச்சனுக்கு இது கைப்பழக்கம். கான்கிரீட்டும் ஒரு வகையில் கல்தான். அதனால் இழுபடும் பக்கம் கம்பி வைக்கிறார்கள். இரண்டு சுவர்களின் மேல் கிடக்கும் தளத்துக்கு அடிப்பக்கம். சுவரைவிட்டு வெளியே நீளும் பால்கனிக்கு மேல்பக்கம். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் மேல்கம்பியை மிதித்து அடியில் அமுக்கிவிட்டால், வரைபடம் சரியாக இருந்தும் பயனில்லை. பூச்சு வேலை முடிந்தபின் எதுவும் வெளியே தெரியாது. (நம் கவிதைகளில் கம்பி எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் சண்டை வரும்.)

வில்லியனூர், பாகூர் வீட்டுக்கடன் மனுக்கள் என் மேஜைக்கு வருகின்றன. பலவற்றில் ஒரே வரைபடம், ஒரே கையெழுத்து. ஏரிப்பாசனக் களிமண் வயல் மனையானாலும், மேட்டு நிலமானாலும் அதே அஸ்திவாரம். கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே என் உத்தியோகம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். அதுவும் அனுமதி பெற்ற கட்டடம்தான்.

கிராமத்தில் கணக்குக்குக் கூலி தர யாரும் தயாரில்லை. மேஸ்திரி சொல்வதே சாஸ்திரம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால் திரையில் வேறு ஊர்க் கட்டடங்களை வரையலாம். இவனோ கான்கிரீட் போடும் நாளில் சாரத்தின் மேல் நின்று, கம்பியைத் தூக்கிக் கட்டு, அப்புறம் போடலாம் என்று சொல்லப் பிரியப்படுகிறான். அப்படிச் சொல்பவனை எந்த வீட்டுக்காரன் இரண்டாம் தடவை கூப்பிடுவான்? கேட்டேன். கூப்பிட மாட்டார்கள் மாமா என்றான்.

கல்விக்கடன் பாரத்தில் ஜாமீன்தாரராக நான் கையெழுத்திட்டிருக்கிறேன். பத்து நாளாக அக்காள் என்னோடு பேசவில்லை.