வாயு

‘விழிப்புணர்வு’ என்ற வார்த்தை எனக்கு உறுத்துகிறது. தூங்குகிறவர் யார் என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

சாய்ந்த லிங்கத்தைக் குங்கிலியக்கலயர் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்திய கதை திருப்பனந்தாளில் எல்லாத் தெருவுக்கும் பொது. மனிதனின் வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் என்ன செய்வது என்பது மட்டும் தெருவுக்குத் தெரு மாறுகிறது. கோயிலை ஒட்டிய வீடுகளில் ‘ஸ்ட்ரோக்’ என்கிறார்கள். உடனே கார் வருகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ‘வாதம்’. வாதம் என்றால் காற்று. காற்றை மெல்லத்தான் இறக்க வேண்டும்: எண்ணெய், பத்தியம், யாரோ சொன்ன புறா ரத்தம், ஒரு மண்டலக் கணக்கு. மூளைக்குப் போகும் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கோ நாலரை மணி நேரம்தான் கெடு. அவசரம் என்பதே அந்தச் சொல்லில் இல்லை.

நெஞ்சுவலியும் இதே காற்றுதான்: வாயு. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடவு முடித்துக் கரையேறிய ஒரு அம்மாவிடம் தோள்வலி உண்டா என்று கேட்டேன். “என்னங்க ஐயா கேக்கறீங்க? நாத்து நட்டா தோளு வலிக்காதா?” என்றார். தோள், முதுகு, மூச்சுவாங்கல், வேர்வை என்று டாக்டர்கள் சொல்லும் அறிகுறிகளில் பாதி அவருக்குக் கூலியோடு சேர்ந்து வருபவை. வலியற்றுக் கிடக்கும் உடம்பில்தான் புது வலி தனியாகத் தெரியும். தெரிந்தாலும், பாதி நாளில் கரையேறினால் கூலி போச்சு. (சுவரொட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் பெரும்பாலும் இஸ்திரிச் சட்டை போட்ட உத்தியோகஸ்தர்தான்.)

2008ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வந்த ‘கிரியேட்’ ஆய்வு, இந்திய ஆஸ்பத்திரிகளுக்கு மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த இருபதாயிரம் பேருக்கு மேல் பார்த்தது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி சேர ஆன நேரத்தின் இடைநிலை 360 நிமிஷம். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5. பெற்ற சிகிச்சையைக் கணக்கில் சேர்த்ததும் இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது, வாசல் தாண்டி உள்ளே வந்த பிறகும் ஏழைக்குக் கிடைத்தது குறைவு. விழிப்புணர்வுக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

2023ல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ என்று தொடங்கி, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த அம்மா அங்கே போய் “வாயு புடிச்சிருக்கு” என்றுதான் சொல்வார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வாயு மாத்திரையைத் தேடாமல் முதலில் ஈ.ஸி.ஜி. எடுக்க வேண்டும்.