சுண்ணக்கோடு

நாளெல்லாம் சுண்ணக்கட்டியோடு பழகுவது நம் தொழில். காலையில் எழுதுகிறோம், மாலையில் அழிக்கிறோம். விரல்களில் படிந்த வெண்பொடியைக் கழுவும்போது, இன்று எழுதியவற்றுள் எது எஞ்சிற்று என்ற ஏக்கம் நெஞ்சில் எழுவதுண்டு. அந்த ஏக்கத்தைத் தணித்தவர் அயர்லாந்து நாட்டு ஓவியர் ஒருவர். ராபர்ட் பல்லா என்பது அவர் பெயர்.

1972-ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 30-ஆம் நாள். வட அயர்லாந்தின் டெரி நகரில், விசாரணையின்றி மக்களைச் சிறையிலடைக்கும் கொடுமையை எதிர்த்து ஊர்வலம் ஒன்று நடந்தது. பிரிட்டிஷ் படையினர் சுட்டனர். அன்றே மாண்டோர் 13 பேர். காயமுற்ற மற்றொருவர் சில திங்கள் கழித்து மாண்டார். ஏப்ரலில் வெளிவந்த விசாரணை அறிக்கையோ சுட்டவர்களைப் பெரிதும் காத்தது. செத்தவர் சிலர்மீது ஐயத்தின் நிழலைப் படியவிட்டது!

ஓவியர் என்ன செய்தார்? அதே ஆண்டில் டப்ளின் நகரில் நடந்த கண்காட்சியொன்றில், அவர் சுவரிலே படம் மாட்டவில்லை. தரையிலே 13 மனித உருவங்களின் வெளிக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்தார். கொலை நடந்த இடத்தில் பிணத்தைச் சுற்றிக் காவல்துறையினர் கோடு கிழிப்பார்களே, அதைப் போல! கோடுகளின்மேல் குருதியும் ஊற்றினார். செல்வர் வாங்கிச் சென்று கூடத்தில் மாட்ட முடியாத ஓவியம். துடைத்தால் மறைந்துபோகும் ஓவியம்.

கோடு அழிந்தது, கேள்வி அழிந்ததா? 2010-ஆம் ஆண்டு வெளிவந்த புதிய விசாரணை அறிக்கை, கொல்லப்பட்டோர் குற்றமற்றவர் என்று உரைத்தது. பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இடையிலே ஓடியவை 38 ஆண்டுகள்! சுண்ணக்கோடுதான் அதைச் சாதித்தது என்று நாம் கூறவில்லை. சாதித்தவர்கள், சோர்வறியாது போராடிய குடும்பத்தார். ஆனால் அநீதி நிகழ்ந்த அதே ஆண்டில் ஓவியம் வாய்மூடிக் கிடக்கவில்லை என்பதற்கு அந்தக் கோடுகள் சான்று.

இத்தகைய துணிவு எங்கிருந்து வந்தது? பல்லா 1943-இல் டப்ளினில் பிறந்தவர். தந்தை பிரஸ்பிடேரியன் குடும்பத்தவர், தாய் கத்தோலிக்கர். கத்தோலிக்கப் பள்ளியிலே பயின்றார். பயின்ற காலத்திலேயே கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டார். கட்டடக்கலை படித்தார். இசைக்குழுவொன்றில் கிட்டார் வாசித்தார். பின்பு அந்தக் கிட்டாரையும் விற்றுவிட்டு, மைக்கேல் ஃபாரல் என்னும் ஓவியருக்கு உதவியாளராகச் சுவரோவியம் தீட்டித் தொழில் கற்றார். 1970-இல், படையினர் மக்களைச் சுட்டுக் கொல்வதைக் காட்டும் கோயாவின் ஓவியத்தைத் தடித்த கோடுகளாலும் தட்டையான வண்ணங்களாலும் மீண்டும் தீட்டினார். வட அயர்லாந்திலே கலவரத்தீ மூண்டிருந்த நேரம் அது. ஸ்பெயின் நாட்டுப் பழங்கதை அயர்லாந்தின் அன்றைய கதையாயிற்று.

பின்னாளில் அவர் ஓவியம் மக்களின் சட்டைப்பைக்கே சென்றது. அஞ்சல் தலைகள் பல வரைந்தார். 1992 முதல் 1996 வரை வெளிவந்த அயர்லாந்துப் பவுன் தாள்களையும் அவரே வடிவமைத்தார். 10 பவுன் தாளில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 5 பவுன் தாளிலோ காத்தரின் மெக்காலி என்னும் கன்னித்துறவி!

“நாத்திகர் துறவியை வரைவதா?” என்று தோழர் ஒருவர் சினந்தார். நாமும் முதலில் முகஞ்சுளித்தோம். பிறகு அந்தத் தாளின் மறுபக்கத்தைப் பார்த்தோம். அங்கே ஒரு வகுப்பறை, படிக்கும் சிறுவர், அயர்லாந்து மொழிப்பாடல் எழுதிய கரும்பலகை. ஏழைப் பெண்களுக்குக் கல்வி தந்தவர் மெக்காலி. அவர் நிறுவிய சபையார் பிற்காலத்தில் நடத்திய இல்லங்கள் சிலவற்றில் சிறார் பட்ட கொடுமைகளை 2009-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை அம்பலப்படுத்திற்று. அதை மறைக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். எனினும் கல்வி தந்த கையைக் கல்விக்காக மதிப்பதிலே பகுத்தறிவுக்கு இழுக்கு என்ன? வெறுப்பைப் பகுத்தறிவு என்று எண்ணியிருந்தோம் நாம்; அந்தச் சிறு தாள் நம்மைத் திருத்திற்று.

கலைஞன் காற்றைக் குடித்து வாழ்பவன் அல்லன் என்பதையும் உரத்துச் சொன்னவர் பல்லா. ஓவியர் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தார். ஓவியம் மறுவிற்பனையாகும்போது வரைந்தவருக்கும் பங்கு வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதை நடைமுறைப்படுத்தத் தாமதித்த தம் அரசின்மீது 2006-இல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டிலேயே அந்த உரிமை அயர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. உழைப்பவனுக்கு உரிய பங்கு! நெசவாளிக்கு உண்டு என்றால், ஓவியனுக்கு ஏன் இல்லை?

2002-இல் யூரோ நாணயம் வந்தது. பல்லாவின் தாள்கள் புழக்கத்தினின்று மறைந்தன. தரைக்கோடு போயிற்று, தாளும் போயிற்று. அதனால் அவர் உழைப்பு வீணாயிற்று என்று எவரும் சொல்லார். பார்த்த கண்களிலும் எண்ணிய நெஞ்சங்களிலும் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

நாளை மாலையும் நம் கரும்பலகை துடைக்கப்படும். துடைக்குமுன், டெரி நகரத்துப் பதின்மூவர் கதையை நம் மாணவர்க்குச் சொல்லவிருக்கிறோம். கையிலே சுண்ணக்கட்டி இருக்கிறது, அது போதும்.