கண்ணாடியைக் கழற்றலாமா?

கண்ணாடியின்றி ஒரு நாளேனும் உலகைத் தெளிவாகக் காணவேண்டுமென்பது எமது நெடுநாளைய ஆசை. ஒன்பது வயதில் மூக்கில் ஏறிய பாரம் அது. மழையில் நனைந்தாற் பார்வை மறையும். சுடுதேநீரை அருந்தக் குனிந்தால் ஆவி படிந்து மங்கும். ஆகவே, தம்பியின் மகள் லேசர் சிகிச்சை செய்யப்போவதாகக் கூறியதும், 44 வயதாகிய நாமும் அவளுடன் கண் வைத்தியரிடம் புறப்பட்டோம்.

கண்ணின் முன்புறத்தே உள்ள தெளிந்த விழிவெண்படலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. லேசிக் முறையில் அதன் மேற்பகுதியை மெல்லிய ஏடுபோலத் திறந்து, உட்பகுதியை லேசரினாற் செதுக்கி, வளைவைத் திருத்தி, ஏட்டை மீண்டும் படிய வைப்பர். சென்னையிற் பிறந்த இரங்கசாமி சீனிவாசனும் அவருடைய தோழரும் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில், எக்சைமர் லேசர் உயிர்த்திசுவைக் கருக்காமற் செதுக்கும் என்பதை 1981 இல் கண்டறிந்தனர். அதன் பயனே இச்சிகிச்சை.

செதுக்கிய பகுதி மீண்டும் வளராது. ஆதலால், முதலில் அளந்து பார்ப்பதே முக்கியம். படலம் மெலிந்தோர், அது கூம்பிப் புடைத்தோர், கண் மிக உலர்ந்தோர், கண்ணாடியின் வலு இன்னும் மாறிவருவோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை ஏற்றதன்று.

மகளுக்கு வயது 23. ஈராண்டாக வலு மாறவில்லை. படலமும் போதிய தடிப்புடையது. சில மாதங்கள் கண் உலரலாம், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம் என வைத்தியர் எச்சரித்தார். அவள் யோசித்து இசைந்தாள்.

எம்மிடம் அவர் கேட்டது ஒன்றே: "இரவில் எவ்வாறு வாசிப்பீர்கள்?"

"கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு" என்றோம். நாம் ஆசிரியர், விடைத்தாள் திருத்துவது எமது இரவுத்தொழில். மைனஸ் நான்கு வலுவுள்ள எமது கண்ணுக்குக் கால் மீற்றர் தூரத்து எழுத்து வெறுமனே தெளிவாகும். நாற்பதைக் கடந்தோருக்கு வரும் வெள்ளெழுத்து, கண்ணின் உள்வில்லை விறைப்பதனால் உண்டாவது; லேசிக் அதனைத் தீர்க்காது. தூரப்பார்வையைத் திருத்தினால், வாசிப்பதற்குக் கண்ணாடி தேடவேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் வழியும் உண்டு. அதற்கு எமது மனம் துணியவில்லை.

மகள் இன்று கண்ணாடியின்றி வேலைக்குச் செல்கிறாள். "பெரியப்பா, உங்களுக்கு வருத்தமில்லையா?" என்று அண்மையிற் கேட்டாள். மழை நாளில் உண்டு என்றோம். ஆயின் இரவானதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்து, விடைத்தாளை அருகிற் பிடிக்கும்போது அவ்வருத்தம் நினைவுக்கு வருவதில்லை.

சிகிச்சையை நாடும் அன்பர்கள், கண்ணாடியைத் தாம் எவ்வளவு வெறுக்கின்றனர் என்பதை மட்டும் எண்ணாது, எந்தத் தூரத்துப் பார்வை தமது வாழ்வுக்கு வேண்டும் என்பதையும் எண்ணிச் செல்வார்களாக.