குரங்கணி மலையும் கோடைத் தீயும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலைகளை நோக்கி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் குரங்கணி என்னும் சிற்றூர் வரும். வழியெங்கும் மாந்தோப்புகளும் இலவ மரங்களும் நிழல் விரிக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கொழுக்குமலையின் தேயிலைத் தோட்டங்கள் மேகத்தைத் தொடுகின்றன. முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டிலிருந்து கம்பிவடத்தின் வழியே இம்மலையடிவாரத்துக்கு இறங்கியதாம்.

தவக்காலத்தின் ஒரு முற்பகலில் நாம் அங்குச் சென்றோம். ஆண்டவனின் கைவண்ணத்தைக் கண்டு மகிழச் சென்ற நம் உள்ளத்தில், அழகோடு துயரமும் சேர்ந்தே நிறைந்தது.

மார்கழியோடு வடகிழக்குப் பருவமழை விடைபெறுகிறது. பின்னர் மூன்று மாதங்கள் வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். மழையில் ஆளுயரம் வளர்ந்த புல், மாசி பிறந்ததும் பொன்னிறமாகிப் பங்குனியில் சருகாகிவிடுகிறது. நண்பகலில் காற்றின் ஈரமும் குறைந்துவிடுகிறது. வெயிலில் சூடேறிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்குகிறது. அந்நேரத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டோம். "நெருப்புக்கு ஏத்தம்னா கொண்டாட்டம், ஐயா. நமக்குத்தான் ஏத்தத்துல மூச்சு வாங்கும்" என்றார். அறிவியலும் இதையே கூறுகிறது. சரிவில் ஏறும் தீ, தன் சுவாலையால் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது வல்லுநர் கணக்கு. மேல்நோக்கி ஓடும் மனிதன் அதனை வெல்வது அரிது. புல்லற்ற பாறையோ, முன்பே எரிந்து தணிந்த நிலமோதான் புகலிடம்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தனர். பலர் இளம்பெண்கள். உலர்ந்த புல்வெளியில் தீ அவர்களைச் சூழ்ந்தது. புகையைக் கண்ட மலைவாழ் மக்களே முதலில் ஓடிச்சென்று, காயமுற்றோரைத் தோளிலும் போர்வையிலும் சுமந்து இறக்கினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. எனினும் சிலர் மலையிலேயும், வேறு சிலர் பின்னர் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அன்று நாம் நம் ஆலயங்களில் திருப்பலியில் பங்கேற்றிருந்தோம். அவர்களுடைய பெற்றோரோ மக்களின் வரவை எதிர்நோக்கி வாயிலில் நின்றிருந்தனர். இதை எண்ணுகையில் நெஞ்சம் கலங்குகிறது.

நம் நாட்டில் காட்டுத்தீ தானாகப் பிறப்பது மிக அரிது. அணைக்காமல் எறிந்த பீடி, சமைத்துவிட்டு விட்டுச்சென்ற அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு ஆகியவையே பெரும்பாலும் அதன் தோற்றுவாய். நாவைச் சிறு நெருப்புக்கு ஒப்பிட்ட திருத்தூதர் யாக்கோபு, பெருங்காடும் ஒரு பொறியால் அழியும் என்பதை அறிந்திருந்தார் போலும்! கோடைக்கு முன்னரே வனத்துறையினர் புல்லையும் புதரையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். ஆனால் வழிப்போக்கனின் அசட்டைக்கு எந்தக் கோடு தடையாகும்?

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், இப்பூவுலகு நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்று நினைவூட்டினார். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று இருமுறை பார்க்கும் தாய், மலைத் திருத்தலத்துக்குப் பயணம் செல்லும்போதும் அவ்வாறே பார்க்கட்டும். கோடையில் காட்டோரத்தில் சமைப்பதைத் தவிர்ப்போம். வனத்துறை மூடிய பாதையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதிருப்போம். புகையைக் கண்டால் உடனே தெரிவிப்போம். இத்தவக்காலத்தின் ஒறுத்தல்களோடு இச்சிறு விழிப்பையும் சேர்த்துக்கொள்வோம்.

நாம் திரும்புகையில் மாலைக் காற்று மலையிலிருந்து கீழ்நோக்கி வீசத் தொடங்கியிருந்தது. கருகிய சரிவுகளை என்றோ புதுப்புல் மூடிவிட்டது. மூட இயலாத துயரோடு வாழும் குடும்பங்களுக்காக ஒரு செபம் சொல்லி மலையைவிட்டு இறங்கினோம். அன்பர்களே, நீங்களும் அவர்களுக்காகச் செபியுங்கள்.