வானத்துக்கும் புல எண் உண்டு



போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் திண்டிவனம் வந்திருந்தார். பெயர் போடவில்லை. படித்தால் அவருக்கே தெரியும். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கும் மகளையும் அழைத்து வந்திருந்தார்.

"சார், இவ வானவியல் படிக்கணும்கறா. மலை உச்சியில ராத்திரியெல்லாம் டெலஸ்கோப் பக்கத்துல உக்காரணுமாமே? நம்ம வீட்டுக்கு ஒத்து வருமா? பி.எட். போகச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

பி.எட். மேல் எனக்கு மரியாதை உண்டு. அது போட்ட சோற்றைத்தான் 36 வருடம் தின்றேன். ஆனால் அவர் சொன்ன காரணம்தான் சரியில்லை.

அவருக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. அதனால் அவர் பாஷையிலேயே கேட்டேன். "ஏம்ப்பா, ஒரு மனை யார் பேர்ல இருக்குன்னு பாக்க நீ மனைக்கா போற?" இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தால் பட்டா திரைக்கு வந்துவிடுகிறது. வானத்தையும் அப்படித்தான் சர்வே செய்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் அனுப்பிய கையா விண்கலம் வானம் முழுவதையும் திரும்பத் திரும்ப அளந்தது. 2022 ஜூனில் வெளிவந்த அதன் பட்டியலில் சுமார் 181 கோடி ஒளிப்புள்ளிகள். பூமிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை போல ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம்.

ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் கொடு என்றால் கணினி ஒரு வரம்போடு நிறுத்திக்கொள்ளும். (தமிழ்நாட்டுப் பட்டா மொத்தமும் வேண்டும் என்று தாலுகா ஆபீசில் போய்க் கேட்டுப் பாருங்கள்!)

அந்தப் பெண் தன் பழைய மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். அவள் எடுத்துக்கொண்டது நம் கார்த்திகை மீன் கூட்டம். 56.75, 24.12 என்ற புள்ளியைச் சுற்றி 2 பாகைக்குள் இருப்பவை எவை? இதுதான் முதல் கேள்வி. பல்லாயிரம் வந்து விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை கார்த்திகையே அல்ல. அதே திசையில் வெகு தூரம் தள்ளி இருப்பவை.

அடுத்து தூரத்துக்கு ஒரு நிபந்தனை. கட்டைவிரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும் என்று எட்டாம் வகுப்பில் செய்து காட்டினேனே, அதே கணக்குதான். பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீனும் துளி இடம் மாறித் தெரியும். கார்த்திகைக்கு அந்த மாற்றம் ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கை எடுத்து, அதையும் ஆயிரமாக்கினால் ஏழு பங்குக்குச் சற்று மேல். அதிலிருந்து தூரம் சுமார் 440 ஒளியாண்டு. இன்று நாம் பார்க்கும் வெளிச்சம், செஞ்சியை நாயக்கர்கள் ஆண்டபோது புறப்பட்டது.

மூன்றாவது, நகர்வு. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ஒரே ஊர்க்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்போம்? ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் சேர்ந்து நடப்பார்கள். அப்படி வடிகட்டியதும் பல நூறு விண்மீன்கள் மிஞ்சின. வெறும் கண்ணுக்கு ஆறுதான் தெரியும். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பட்டா முடிந்தது. வில்லங்கம் பார்க்க வேண்டாமா? அதற்குப் படக் காப்பகங்கள். 2023 மே மாதம் ஜப்பானியர் கொய்ச்சி இடகாகி, எம்101 என்ற அண்டத்தில் ஒரு விண்மீன் வெடித்திருப்பதைக் கண்டார். உடனே உலகெங்கும் பலர் அதே இடத்தின் பழைய படங்களைத் தேடினார்கள். ஹப்பிள், ஸ்பிட்சர் படங்களில் வெடிப்பதற்கு முந்தைய விண்மீன் கிடைத்தது. தூசி மூடிய சிவப்புப் பெருமீன். சுமார் ஆயிரம் நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைந்திருக்கிறது. வேறு வேலைகளுக்காக எடுத்து வைத்திருந்த படங்கள் அவை. ஸ்பிட்சர் 2020 ஜனவரியிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. என்னைப் போல.

நம் கொடைக்கானலிலும் நூறு ஆண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் உண்டு. கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் இருந்தவற்றைக் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா பிறந்த வருடத்தில் சூரியனில் எத்தனை கரும்புள்ளி என்று எண்ணிப் பார்க்கலாம்.

மலையில் ராத்திரி விழித்திருப்பவர்களும் உண்டு. ஜவ்வாது மலைக் காவலூரில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் படமே இல்லை. ஆனால் துறை முழுக்க அது மட்டும் அல்ல.

"யோசிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதுகலை விண்ணப்பத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பெங்களூரிலோ புனேயிலோ வெளிநாட்டிலோ இந்தத் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். செலவு எவ்வளவு ஆகும், உதவித்தொகை உண்டா, பெண்கள் ஹாஸ்டல் எப்படி இருக்கிறது, படித்து முடித்தால் என்ன வேலை. தமிழிலேயே எழுதுங்கள். அப்பா படிப்பார்.