குச்சியில் கோத்த இதயம்

அக்டோபர் 16, இரவு

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், மாட்டின் இதயத் துண்டுகளைக் குச்சியில் கோத்த 'அன்டிகூச்சோ'வைச் சுட்டு விற்கும் பெண்ணை 'அன்டிகூச்சேரா' என்பார்கள். நாளை மறுநாள் பெரிய ஊர்வலம். அவளுடைய வேலை இப்போதே கத்தியில் தொடங்கிவிட்டது. மாட்டின் இதயத்தைப் பிளந்து, மேல்சவ்வையும் வெண்கொழுப்பையும் தடித்த குழாய்களையும் சீவி எடுக்கிறாள். ஓயாமல் உழைத்த தசை அது. ஒரு சவ்வு தப்பினாலும் வாயில் ரப்பராய் இழுக்கும். பொறுமை முழுவதும் இங்கேதான் வேண்டும். அடுப்பு வேலை அதற்குப் பிறகு எளிது.

அக்டோபர் 17

துண்டுகள் ஊறுகின்றன. அஹி பாங்கா என்னும் கருஞ்சிவப்புக் காய்ந்த மிளகாயின் விழுது, பூண்டு, சீரகம், ஒரேகனோ, உப்பு, வினிகர். அந்த மிளகாயில் காரம் குறைவு. நிறமும் புகைமணமும்தான் அதன் பெருமை.

பூண்டும் சீரகமும் மாடும் ஸ்பானியர்களோடு வந்தவை. நல்ல கறி எஜமானர் வீட்டுக்குப் போனது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு மிஞ்சியது குடலும் இதயமும். 1854இல்தான் பெருவில் அடிமைமுறை ஒழிந்தது. எஜமானர் ஒதுக்கியதை லிமா முழுவதும் வரிசையில் நின்று வாங்கும் உணவாக்கியது அவர்களின் கைப்பக்குவம். அந்தப் பெருமையை அவர்களுக்கே எழுத வேண்டும்.

அக்டோபர் 18

தெருவெங்கும் ஊதா அங்கிகள், சாம்பிராணிப் புகை. 'அற்புதங்களின் ஆண்டவர்' ஊர்வலம். 1651இல் அங்கோலாவிலிருந்து வந்த ஓர் அடிமை மண்சுவரில் தீட்டிய சிலுவைநாதர் படம் அது. 1655இன் நிலநடுக்கத்தில் சுற்றியிருந்தவை சரிய, அந்தச் சுவர் மட்டும் நின்றது என்கிறார்கள். அதன் பிரதியைத்தான் தோளில் சுமந்து வருகிறார்கள். பக்தியும் பசியும் ஒரே மக்களின் கையிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்திருக்கின்றன.

மாலையில் கரி கனன்றுவிட்டது. நாணல் குச்சிக்கு மூன்று நான்கு துண்டு. மக்காச்சோளக் கதிரின் மேல்மட்டையைக் கிழித்துக் கட்டிய தூரிகையால் ஊறல் சாற்றையும் எண்ணெயையும் தொட்டுத் தடவுகிறாள். சொட்டு விழுந்ததும் தணல் குப்பென்று எழுகிறது. பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். உள்ளே சாறு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

தட்டில் இரண்டு குச்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பெரிய மணிகள் கொண்ட 'சோக்லோ' சோளம், ஓரத்தில் மிளகாய்ச் சாந்து.

பத்து மணிக்குத் தூரிகை கருகிப்போகிறது. இன்னொரு கதிரை உரிக்கிறாள். மட்டையைக் கிழித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ள, கதிர் கொதிக்கும் பானைக்குள் போகிறது.