சிங்கப்பூரில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?



மகனோ மகளோ சிங்கப்பூரில் பணிபுரிகிறார். "வாப்பாவும் உம்மாவும் பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போங்கள்" என்று அழைப்பு வருகிறது. விசாவும் பயணச்சீட்டும் ஆகி, போய்ச் சேர்ந்தும் ஆயிற்று. மறுநாளே ஒரு சங்கடம் தொடங்குகிறது. பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் நுழைவுச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறான். தாயாரோ ஒரு வெள்ளிக்கு அறுபது ரூபாய்க்கு மேல் என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்த்து, "எனக்குக் கால் வலிக்கிறது, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று வெளியே அமர்ந்து கொள்கிறார். கால் வலிக்கவில்லை என்பது பிள்ளைக்கும் தெரியும். பெற்றோருக்கு ஒன்றும் காட்டாமல் அனுப்பிவிட்டோமே என்று அவனுக்கும், அவன் வியர்வைக் காசைக் கரைத்துவிட்டோமே என்று இவர்களுக்கும் மனக்குறை.

இந்தக் குறை தேவையற்றது. சிங்கப்பூரில் காணத்தக்கவற்றுள் பெரும்பகுதி காசு கேட்பதில்லை. காசு கேட்பவற்றுள் சில, கேட்கும் காசுக்கு மேலேயே தருகின்றன. எது எது என்று பிரித்தறிவதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. 'நான் கொடுக்கும் பணம் இங்கே எதைப் பேணிக் காக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பழம்பொருளையோ, உயிரினத்தையோ, வேறெங்கும் வளராத செடியையோ காக்கிறது என்றால் தயங்காமல் கொடுங்கள். வெறும் உயரத்துக்கும் வேகத்துக்கும் விளம்பரத்துக்கும் கேட்கிறார்கள் என்றால் சற்று நில்லுங்கள். அதே காட்சி பக்கத்துத் தெருவில் இலவசமாகக் கிடைக்கக்கூடும்.

முதல் நாள் காலையை ஒரு நடைக்கு ஒதுக்குங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் தொடங்கலாம். 1826-இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளி அது. இப்போதுள்ள கட்டடம் 1830-களில் எழுந்தது. 'பெரிய பள்ளி' என்ற தமிழ்ப் பெயரும் அதற்கு உண்டு. அடுத்தாற்போலவே மாரியம்மன் கோயில். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் தெலுக் ஆயர் தெரு. இன்று அது வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு தெரு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும்வரை அதுதான் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் தோணியில் இறங்கிக் கால் பதித்த மணல் அந்தத் தார்ச்சாலைக்கு அடியில்தான் இருக்கிறது.

வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பினார்கள். சீனர்களின் தியான் ஹாக் கெங் கோயில் அங்கே இருக்கிறது. அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் ஓலைக் குடிலாக இருந்த காரணத்தால் 'குச்சுப் பள்ளி' என்று நம்மவர்கள் வைத்த பெயரைச் சிங்கப்பூர் அரசின் வரலாற்றுக் குறிப்புகளும் சொல்கின்றன. சற்றுத் தள்ளி நாகூர் தர்கா. 1828-க்கும் 1830-க்கும் இடையே, நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டப்பட்டது. இங்கே அடக்கத்தலம் கிடையாது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியத் தூண்கள், மேலே நம் ஊர்ச் சாயலில் சல்லடைச் சாளரங்களும் சிறு மினாராக்களும் என்று இரண்டு கரைகளும் ஒரே சுவரில் கைகோத்து நிற்கின்றன. பழுதுபார்க்கப்பட்டு 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. கட்டணம் இல்லை. உங்கள் பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் ஏறியவர் யாராவது இருந்தால், அவர் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் சூலியா தெரு வரும். அக்காலத்தில் பெரிய கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றின் வழியே கொண்டுவந்த தோணிக்காரர்களில் பெரும்பாலோர் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களே. அத்தொழில் பின்னர்ச் சீனர் கைக்கு மாறிற்று. இப்போது அதே ஆற்றில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. கட்டணம் கொடுத்து ஏற வேண்டுமா? முதியவர்கள் களைத்திருந்தால் ஏறுங்கள். மற்றபடி கரையோடு நடந்தாலே அவ்வளவும் கண்ணில் படும். 1869-ஆம் ஆண்டின் கேவனா பாலத்தை நடந்தே கடக்கலாம். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் ஏறக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்றும் அங்கே இருக்கிறது. குழந்தைகள் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்புவார்கள்.

பாலத்தைக் கடந்ததும் ஆசிய நாகரிக அரும்பொருளகம். இங்கே பணம் கொடுங்கள் என்று சொல்வேன். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். வெளிநாட்டவர்க்குக் கட்டணம். மூத்தோருக்குச் சலுகை உண்டா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே பார்க்க எத்தனையோ இருந்தாலும், நேரே தாங் காலத்துக் கப்பல் கூடத்துக்குச் செல்லுங்கள். 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் ஒரு கப்பல் கண்டெடுக்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீனத்திலிருந்து மேற்கே, அப்பாசியர் ஆட்சிக்குட்பட்ட நாடுகளை நோக்கிச் சென்றதாகக் கருதப்படுகிறது. சுமார் அறுபதாயிரம் மட்பாண்டங்கள் அதில் இருந்தன. கிண்ணங்களில் ஒன்றில் கி.பி. 826-க்கு இணையான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்ததால் காலம் தெளிவாயிற்று. அந்தக் கப்பலில் ஆணியே கிடையாது. பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்த அரபு முறைக் கப்பல் அது. அதே வகையில் ஓமானில் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்ற பாய்க்கப்பல் 2010-இல் கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த கிண்ணங்கள், நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தவைபோல் அடுக்கடுக்காக நிற்கின்றன. இதைக் காண வெளியில் வேறு வழியில்லை. நுழைவுச் சீட்டு என்பது இத்தகைய இடங்களுக்காக ஏற்பட்டதுதான்.

மற்றொரு நாள் கம்போங் கிளாமிலுள்ள சுல்தான் பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். தொழுகை நேரம் தவிர்த்த பொழுதுகளில் எல்லா மதத்தாரும் பார்வையிடலாம். கட்டணம் இல்லை. பொற்குவிமாடத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் அதன் அடியில் ஓடும் கரிய வளையத்தைப் பாருங்கள். அவை கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். இப்போதைய பள்ளி 1932-இல் முடிவுற்றது. பெருந்தொகை கொடுக்க இயலாத ஏழைகளும் பங்குபெற வேண்டும் என்பதற்காக அவர்களிடமிருந்து போத்தல்கள் பெறப்பட்டன. லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளியும் அப்படியே பார்க்கத்தக்கது. வாயிலுக்கு மேலே கதிரவன் வடிவம். அதன் இருபத்தைந்து கதிர்களில் இருபத்தைந்து நபிமார்களின் பெயர்கள். அருகே தேக்கா உணவங்காடி. உணவங்காடிகளில் ஹலால் கடைகளில் சான்றிதழ் ஒட்டியிருக்கும். தட்டுகளைத் திருப்பி வைக்கவும் ஹலாலுக்குத் தனியிடம் உண்டு. முஸ்தபா கடையைப் பற்றி எழுதப்போவதில்லை. நான் எழுதாவிட்டாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள். அங்கே நுழைவு இலவசம், வெளியேறுவதுதான் செலவு!

பூமலை என்று தமிழர்கள் அழைக்கும் தாவரவியல் பூங்காவுக்கு அதிகாலையிலேயே போய்விடுங்கள். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். 1859-இல் தோன்றிய இப்பூங்காவை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. கட்டணம் இல்லை. முதியவர்களோடு செல்வோர் நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் பழைய வாயில் பக்கம். பூங்காவின் பெயரையே கொண்ட நிலையத்தில் இறங்கினால் நெடுந்தூரம் நடக்க நேரும். பிரேசிலில் திரட்டிய விதைகள் லண்டனில் முளைத்து, 1877-இல் கன்றுகளாக இங்கே வந்தன. இரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் ரிட்லி என்ற ஆங்கிலேயர் செம்மைப்படுத்தினார். மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும், அவற்றுக்குத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கப்பலேறியதும் அதன் தொடர்ச்சியே. ஆர்கிட் மலர்த் தோட்டத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். வீட்டில் பூச்செடி வளர்ப்பவர் உங்களோடு இருந்தால் அவருக்காக வாங்குங்கள். இல்லையேல் வெளியிலுள்ள பசுமையே போதும்.

2012-இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களிலும் இதே பிரிவினைதான். இருபத்தைந்து முதல் ஐம்பது மீட்டர் உயரமுள்ள இரும்பு 'மகாமரங்கள்' இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இசைக்கேற்ப ஒளிர்வதைப் புல்வெளியில் அமர்ந்து இலவசமாகக் காணலாம். மரங்களுக்கிடையேயுள்ள தொங்கு நடைபாதைக்குக் கட்டணம் கேட்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். இரண்டு கண்ணாடிக் கூடங்களுள் மேகக்காட்டுக் கூடம் பணத்துக்குத் தகும். உள்ளே மலையும் அருவியும் குளிரும், வெப்ப நாட்டு மலையுச்சிகளில் மட்டுமே வாழும் செடிகளும் இருக்கின்றன. நண்பகல் வெயிலில் அதற்குள் நுழைந்து, மாலையில் வெளியே வந்து ஒளிக்காட்சி பார்த்தால் ஒருநாள் நிறைவாகக் கழியும்.

மரீனா பே சேண்ட்ஸ் விடுதியின் உச்சித்தளத்துக்கு ஏறப் பணம் கேட்பார்கள். மரீனா அணைக்கட்டின் புல்வேய்ந்த கூரைமீது ஏறினால் அந்த விடுதியும் சேர்ந்தே கண்ணுக்குத் தெரியும். அங்கே குழந்தைகள் பட்டம் விடுவார்கள். ஹெண்டர்சன் அலைப்பாலமும் சாலைக்கு முப்பத்தாறு மீட்டர் மேலே மரங்களின் தலைமட்டத்தில் நிற்கிறது, இலவசம். செந்தோசாத் தீவுக்குத் துறைமுகப் பக்கத்திலிருந்து நடைபாலத்தின் வழியே நடந்தே போய்விடலாம். கடற்கரைக்கும் கட்டணமில்லை. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பதின்வயதுப் பிள்ளைகளுக்கானது. அவர்களை அங்கே அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் கடலோரம் அமரலாம். எல்லோருக்கும் சீட்டு வாங்குவது வீண்.

சிறு குழந்தைகள் உடனிருந்தால் மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்கு ஒரு முழுநாளையும் ஒரு பெருந்தொகையையும் ஒதுக்குங்கள். 1973-இல் திறக்கப்பட்டது; பெரும்பாலான விலங்குகளுக்கும் நமக்கும் நடுவே கம்பி இராது, அகழியும் செடியுமே இருக்கும். இரவு விலங்குப் பூங்காவும், 2023-இல் திறந்த பறவைப் பூங்காவும் பக்கத்திலேயே உள்ளன. மூன்றையும் ஒரே நாளில் முடிக்க எண்ணாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள். சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்தால் வரிசையில் நிற்க வேண்டாம். பிற்பகலில் திடீர் மழை வழக்கம், குடை கட்டாயம்.

திரும்பும் நாளில் சாங்கி விமான நிலையத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். முதல் முனையத்தை ஒட்டியுள்ள ஜுவல் கட்டடத்தில், கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து நாற்பது மீட்டர் விழும் அருவியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பின்னிரவில் நீர் ஓடாது. ஆகையால் நள்ளிரவு விமானமாக இருந்தாலும் மாலையிலேயே போய்ச் சேருங்கள்.